திராட்சைக்கொடித் தந்தி

‘கிரேப்வைன்ல கேள்விப்பட்டேன்’ என்று ஆபீஸில் யாராவது சொன்னால், நாம் அதை வதந்திக் கணக்கில்தான் வைப்போம். 1844இல் வாஷிங்டனையும் பால்டிமோரையும் மோர்ஸின் தந்தி இணைத்தது. கம்பியே இல்லாமல் வாய்வழி ஓடும் செய்திக்கு ‘திராட்சைக்கொடித் தந்தி’ என்ற பெயர் அதற்குப் பிறகு வந்ததுதான்.

அமெரிக்கத் தெற்கில், அடிமைகள் எழுதப்படிக்கக் கற்பதைப் பல மாநிலங்கள் சட்டம் போட்டே தடுத்திருந்தன. ஆனா செய்தியைத் தடுக்க முடியல. அந்தத் தந்தி எப்படி ஓடியது என்று புக்கர் டி. வாஷிங்டன் 1901இல் வெளியான தன்வரலாற்றில் சொல்கிறார். தபால் வாங்க மூன்று மைல் தள்ளி அனுப்பப்பட்டவர், அங்கே கூடும் வெள்ளையர்கள் உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேசி முடிக்கும்வரை சும்மா நிற்பதுபோல நிற்பார். எனக்கு இது சுத்தமான நிருபர் வேலையாகத்தான் தெரிகிறது. திரும்பும் வழியில் கேட்டதைத் தன் ஆட்களிடம் சொல்லிவிடுவார். பெரிய வீட்டுக்குத் தபால் போய்ச் சேருவதற்குள் குடிசைகளுக்குச் செய்தி தெரிந்திருக்கும்.