இலட்சியப் போர்க்கப்பல்

1903-ஆம் ஆண்டில் விட்டோரியோ குனிபெர்ட்டி என்னும் இத்தாலியக் கப்பலமைப்பு வல்லுநர், பிரிட்டிஷ் கடற்படைக்கு உகந்த இலட்சியப் போர்க்கப்பலைக் காகிதத்தில் வகுத்தார். 17,000 டன் எடை. 12 அங்குலப் பீரங்கிகள் பன்னிரண்டு. 12 அங்குலக் கவசம். மணிக்கு 24 கடல்மைல் வேகம். அந்நாளைய போர்க்கப்பல்களிலோ பெரும் பீரங்கிகள் நான்கே இருந்தன.

கப்பலமைப்பு என்பது எடையைப் பங்கிடும் கலை என்பேன். மிதக்கும் கப்பல் தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது. ஆதலின், குறித்த அளவுடைய கப்பலில் பீரங்கிக்கு மிகுதியாகக் கொடுத்தால், கவசத்திலோ எந்திரத்திலோ குறைத்தாக வேண்டும்.

1906-இல் பிரிட்டன் 'டிரெட்நாட்' கப்பலைக் கட்டி முடித்தபோது இவ்வுண்மை விளங்கிற்று. எடை ஏறக்குறைய 18,000 டன். புதுமையான நீராவி டர்பைன்களைப் பொருத்தியும் வேகம் 21 கடல்மைலே. பெரும் பீரங்கிகள் பத்து. கவசம் 11 அங்குலம். கனவைவிடக் கனத்த கப்பல், கனவைவிடக் குறைவாகவே சுமந்தது!

ஆயினும் அது மற்றெல்லாப் போர்க்கப்பல்களையும் பழமையாக்கிற்று. அவற்றுள் மிகப் பல பிரிட்டனுடையவையே. பின்தங்கியிருந்த ஜெர்மனிக்குப் புதிதாகப் போட்டியிட வழி பிறந்தது. அப்படியானால் பிரிட்டன் தவறியதா? இல்லையென்றே கருதுகிறேன். அமெரிக்காவும் ஜப்பானும் அதே வழியில் முனைந்திருந்தன. பிரிட்டன் தயங்கியிருந்தால் பிறர் முந்தியிருப்பர்.

புதுமையைத் தடுக்க இயலாது. அதற்குரிய விலையை அறிந்தே ஏற்க வேண்டும். அக்கப்பல் நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.