கார்த்திகையின் எழுச்சியும் மறைவும்: 'உதயம்' என்னும் சொல் தரும் சிக்கல்

வெறுங்கண்ணுக்கு எளிதிற் புலப்படும் விண்மீன் திரள் கார்த்திகை. தமிழில் இதனை அறுமீன் என்றும் ஆரல் என்றும் வழங்குவர். பிரெஞ்சு வானியலார் மெசியே 1771ஆம் ஆண்டுக்குரிய தம் முதற்பட்டியலின் இறுதியில் இதற்கு 45ஆம் எண்ணை அளித்தார். இத்திரள் ஆண்டு முழுதும் தெரிவதன்று. இக்காலத்தில் மே 20ஐ ஒட்டிச் சூரியன் இதனருகே வருகின்றது. அதற்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் இது ஒளியில் மூழ்கியிருந்து, ஜூன் மாத வைகறையில் கீழ்வானில் மீண்டும் தோன்றும். நவம்பரில் ஞாயிறு மறையும் பொழுதில் எழுந்து இரவு முழுதும் நிற்கும். முழுநிலவு இதனை ஒட்டி நிற்கும் மாதம் இதன் பெயரையே பெற்றுள்ளது.

ஆகவே 'கார்த்திகை எழுந்தது' என ஒரு பழநூல் கூறின், அது நாள்தோறும் நிகழும் எழுச்சியா, மறைந்திருந்து முதன்முதல் தோன்றும் வைகறை எழுச்சியா, மாலை எழுச்சியா என்னும் வினா எழுகின்றது. இதற்கு விடை காணாது மொழிபெயர்ப்போர் ஆறு மாதம் பிழைபடுவதும் உண்டு.

பாபிலோனியர் இத்திரளை 'விண்மீன்' என்னும் பொருளுடைய 'முல்' என்ற சுமேரியச் சொல்லை இரட்டித்து 'முல்முல்' என எழுதினர். இரட்டித்தல் பன்மை குறிப்பதற்கு இது நல்ல சான்று. அக்காடிய மொழியில் இதன் பெயர் 'ஸப்பு'; குத்திட்டு நிற்கும் மயிர் என்பது அதன் பொருள். முல்.அபின் என்னும் களிமண் பலகை நூல், ஆண்டின் இரண்டாம் மாதமாகிய அய்யாருவின் முதல் நாளில் இது தோன்றும் என்கின்றது. ஆண்டின் முதல் மாதமாகிய நிசன்னுவின் முதல் நாளில் பிறையும் இத்திரளும் சேர்ந்தால் அது இயல்பான ஆண்டு. மூன்றாம் நாளில் சேர்ந்தால் நாட்காட்டி பருவத்தை முந்திவிட்டது எனக் கொண்டு ஒரு மாதம் கூட்டுதல் வேண்டும் என்பதும் அந்நூலின் விதி.

கிரேக்கத்தில் ஹெசியோது தம் உழவு நூலில், இத்திரள் எழும்போது அறுவடையும் மறையும்போது உழவும் தொடங்குக என்றும், இது நாற்பது நாள் மறைந்திருக்கும் என்றும் கூறினார். இங்கு எழுச்சி என்பது மே மாத வைகறைத் தோற்றம். உழவுக்குரிய மறைவோ நாற்பது நாள் மறைவின் தொடக்கமாகிய அந்தி மறைவு அன்று. கார்காலத்திற்கு முன் விடியலில் மேற்கே இறங்கும் மறைவாகும். இரண்டையும் ஒன்றெனக் கொண்டால் உழவு வேனிலுக்குப் போய்விடும். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஔதோலிகஸ் காலை எழுச்சி, காலை மறைவு, மாலை எழுச்சி, மாலை மறைவு என நான்காகப் பகுத்து, ஒவ்வொன்றையும் உண்மை நிகழ்வு, கண்ணுக்குப் புலப்படும் நிகழ்வு என மேலும் இரண்டாக்கினார். 'அனதொலே' என்பது நாள் எழுச்சி, 'எபிதொலே' என்பது ஆண்டில் ஒருமுறை நிகழும் தோற்றம். பொதுமக்கள் இவற்றை ஒன்றெனக் கருதுவது தவறு என்று ஜெமினஸ் எழுதினார். கலைச்சொல் வழக்கு பொதுவழக்கிலிருந்து பிரியும் இடத்தை ஒருவர் தாமே சுட்டிக் காட்டுவது அரிது.

வடமொழியில் 'உதயம்' ஒன்றே இவ்விரு பொருளுக்கும் வரும். சூரிய சித்தாந்தத்தின் ஒன்பதாம் இயல் உதயாஸ்தம் பற்றியது. 1860இல் அதனை ஆங்கிலத்தில் வெளியிட்ட பர்ஜெஸ், சூரியனைச் சார்ந்த உதயம் எனப் பொருள்படும் அடைமொழியைத் தாமே சேர்த்தார். மூலத்தில் அது இல்லை. ஆயினும் சேர்த்தது தகும், ஏனெனில் அவ்வியலின் பொருள் அதுவே. அது கிருத்திகைக்குத் தரும் காலாம்சம் 15. காலாம்சம் ஒன்று நான்கு நிமிடம் ஆதலின், ஞாயிறு எழுவதற்கு இரண்டரை நாழிகை முன்னரேனும் அது எழுந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். பரணி, பூசம், மிருகசீரிடம் ஆகியவற்றுக்கு, அவற்றின் நுண்மை கருதி, 21 கூறப்பட்டுள்ளது. பஞ்சாங்கத்தில் குருவுக்கும் சுக்கிரனுக்கும் கூறப்படும் அஸ்தங்கதமும் இவ்வகைக் கணக்கே.

மிகுந்த விவாதத்திற்கு உள்ளானது சதபத பிராமணத் தொடர் ஒன்று. வேள்வித் தீ அமைத்தற்குரிய நாள்மீனை ஆராயுமிடத்து, கிருத்திகைகள் கீழ்த்திசையினின்று விலகுவதில்லை, பிற மீன்கள் விலகும் என அது கூறுகின்றது. வினை நிகழ்காலத்தது, வேர் 'ச்யு', அஃதாவது நகர்தல், வழுவுதல். சங்கர பாலகிருஷ்ண தீட்சித் 1895இல் இதனை 'நேர்கிழக்கில் உதிக்கின்றன' எனக் கொண்டு, அத்திரள் வான நடுவரையில் இருந்த கி.மு. 3000 அளவில் இதன் காலத்தை வைத்தார். ஒவ்வோர் இரவும் சில மணிநேரம் கீழ்ப்பகுதியில் தெரியும் என்பதே கருத்து, அது கி.மு. 1100 அளவுக்குப் பொருந்தும் என்ற மற்றொரு விளக்கத்தை விண்டர்நிட்சு எடுத்துரைத்தார். ஒரு வினைச்சொல்லின் பொருளால் விளைந்த இடைவெளி ஏறத்தாழ 1900 ஆண்டு.

கணக்கில் தீட்சித் தவறவில்லை, ஐயம் சொல்லில்தான். 'ச்யு' எழுச்சியைக் குறிப்பதன்று. நிகழ்காலமும் ஆசிரியர் தம் கண்ணால் கண்டதற்குச் சான்றாகாது. சடங்கு நூல்களில் மரபாக வந்த செய்தியும் நிகழ்காலத்திலேயே கூறப்படும். இத்தொடரைத் தமிழாக்குவோர் 'கிழக்கே உதிக்கும்' என எழுதின், மூலத்தில் இல்லாத ஒரு கால ஆராய்ச்சி முடிபையும் உடன் எழுதியவராவர். 'கீழ்த்திசையினின்று பெயரா' என்பது மூலத்தின் தெளிவின்மையையும் அப்படியே காக்கும்.