குழந்தையின் இரத்தக் கொதிப்பும் பழைய கணக்கேடுகளும்

“விளையும் பயிர் முளையிலே தெரியும்” என்பது நம்மவர் பழமொழி. பிள்ளைகளின் அறிவைக் குறித்தே ஆசிரியர்கள் இதனைப் பெரும்பாலும் எடுத்தாளுவர். முதியோர் நோயெனக் கருதப்பட்ட இரத்தக் கொதிப்புக்கும் முளைப்பருவ வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றை வெளிக்கொணர்ந்தவை பழைய கணக்கேடுகள் என்பது வியப்புக்குரியது.

1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரின்போது, படையிற் சேர வந்த பிரிட்டிஷ் இளைஞர் பலர் உடல் நலிவால் தள்ளப்பட்டனர். வருங்காலத் தலைமுறை நலிகின்றதோ என்னும் அச்சம் எழவே, தாய்சேய் நலப்பணி அங்கு வளரலாயிற்று. இலண்டனுக்கு வடக்கேயுள்ள ஹர்ட்போர்ட்ஷயரில் எதல் மார்கரெட் பர்ன்சைடு என்னும் அம்மையார் அப்பணிக்குத் தலைமை தாங்கினார். 1911 முதல் அங்குப் பிறந்த குழந்தைகளின் எடையை மருத்துவச்சிகள் குறித்தனர். செவிலியர் வீடுதோறும் சென்று, குழந்தை தாய்ப்பால் உண்டதா, ஓராண்டு நிறைவில் எடை என்ன, பற்கள் எத்தனை என்பவற்றையும் ஏட்டிற் பதிந்தனர்.

பல்லாண்டுகள் கடந்தன. சவுதாம்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் பார்க்கர் (1938–2013) 1986இல் ஓர் உண்மையை வெளியிட்டார். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் முன்னாளிற் சிசு மரணம் மிகுந்திருந்த இடங்களிலேயே பின்னாளில் இதய நோய்ச் சாவும் மிகுந்திருந்தது. ஊருக்குப் பொருந்துவது தனி மனிதருக்கும் பொருந்துமோ? விடை ஹர்ட்போர்ட்ஷயர் ஏடுகளில் இருந்தது. 1911க்கும் 1930க்கும் இடையே பிறந்த 5,654 ஆடவரின் வரலாற்றை அவர் குழுவினர் தொடர்ந்தனர். ஓராண்டு வயதில் 18 இராத்தலோ அதற்குக் குறைவாகவோ இருந்தோரிடையே இதய நோய்ச் சாவு மிகுதி; 27 இராத்தலும் அதற்கு மேலும் இருந்தோரிடையே மிகக் குறைவு. இம்முடிவு 1989இல் வெளிவந்தது.

இவ்விரண்டையும் இணைக்கும் பாலம் யாது? அதே ஆண்டில் பத்து வயதுச் சிறுவர் 9,921 பேரை ஆராய்ந்தபோது, பிறப்பெடை குறைந்தவர்க்கு இரத்த அழுத்தம் சற்றே உயர்ந்திருக்கக் கண்டனர். கருவில் ஊட்டம் குறையின் சிறுநீரகத்தின் வடிகட்டிகள் குறைந்த எண்ணிக்கையில் அமையும். பிறந்தபின் அவை பெருகுவதில்லை. அதனால் அழுத்தம் உயரக்கூடும் என்று பிரென்னர் முதலிய அறிஞர் 1988இல் விளக்கம் தந்திருந்தனர்.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. சிறிய ஆய்வுகள் பிறப்பெடையின் விளைவை மிகைப்படுத்திவிட்டன என 2002இல் வேறு அறிஞர் வாதிட்டனர். பிறப்பெடையால் வரும் வேறுபாடு சிறிதே என்பதும், பிள்ளையின் இன்றைய உடற்பருமன் அதனினும் வலியது என்பதும் உண்மை. ஆயினும், தாய்க்குக் கருவுற்ற காலத்தில் இரத்தக் கொதிப்போ முன்சூல்வலிப்போ இருத்தல், மிகை எடை, புகைபிடித்தல், குறைமாதப் பிறப்பு ஆகியன பிள்ளையின் உயர் இரத்த அழுத்தத்தோடு தொடர்புடையன எனப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

இவ்வாராய்ச்சி நமக்கு அயலானதன்று. சிங்கப்பூரில் 2009இல் தொடங்கிய ‘கஸ்டோ’ ஆய்வு, சீன, மலாய், இந்தியத் தாய்மாரைக் கருவுற்ற காலத்திலேயே சேர்த்துக்கொண்டு, அவர்தம் பிள்ளைகளின் வளர்ச்சியைத் தொடர்ந்து நோக்கியது.

இவற்றைப் படிப்போர், “எல்லாம் தாயின் குற்றம்” என எண்ணிவிடலாகாது. வறுமையும் ஓயாத உழைப்பும் அவள் தேடிக்கொண்டவை அல்ல. கருவுற்றவளுக்கு உணவும் ஓய்வும் மருத்துவமும் கிடைக்கச் செய்தல் குடும்பத்தின் கடன், சமுதாயத்தின் கடன். மருத்துவச்சி நேர்மையாக எழுதிய ஓர் எடைக் கணக்கு எழுபதாண்டு கழித்து உலகிற்குப் பாடம் சொல்லிற்று. மாணவரின் உயரத்தையும் எடையையும் ஆண்டுதோறும் ஏட்டிற் குறிக்கும் நம் ஆசிரியர்கள், அப்பணியைச் சிறிதென எண்ணாதிருப்பார்களாக!