அரண்டவன் கண்ணும் மரபணுவும்

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ராஜபாளையம், ஆலங்குளம் வட்டாரத்துக்குப் புதிதல்ல இத்தகைய விபத்துகள். தப்பித்தவர் பல வருடம் கழித்தும் லாரி டயர் வெடித்தால் நடுங்கலாம். ஊர் அதைக் கோழைத்தனம் என்று சொல்லிவிடும். ஆனால் பயம் மூளையில் எப்படிப் பதிகிறது என்று தேடிய ஆய்வுகளின் வரலாறு வேறு கதை சொல்கிறது.

1963ல் அமெரிக்காவில் ஃபிளெக்ஸ்னர் குழுவினர், மின் அதிர்ச்சியிலிருந்து தப்பிக்க வழி கற்ற சுண்டெலிகளின் மூளையில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினர். கற்றது மறந்துபோனது! நினைவு நிலைக்கப் புதிய புரதம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது.

புரதம் வேண்டுமானால் மரபணு வேலை செய்ய வேண்டும். எரிக் கேண்டல் கடல் நத்தையில் அதைக் காட்டினார். சில நிமிட நினைவுக்கு மரபணு தேவையில்லை. நாள்கணக்கில் நிற்கும் நினைவுக்கு, செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு பெருகி, 'கிரெப்' என்ற புரதத்தைத் தூண்டி, மரபணுக்களை இயக்க வேண்டும். 2000ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த அத்தியாயம் பெங்களூரில். தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு, பயத்தின் மையமான அமிக்டலாவை எலிகளில் ஆராய்ந்தது. தினம் 2 மணி நேரம் வீதம் 10 நாட்கள் எலியை அசையவிடாமல் வைத்தபோது, நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கின, அமிக்டலாவிலோ வளர்ந்தன (2002). ஒரே ஒரு முறை 2 மணி நேரம் அடைத்தால் மறுநாள் மாற்றம் எதுவும் இல்லை. 10 நாள் கழித்து நரம்பு இணைப்புக்கான முளைகள் பெருகியிருந்தன, பதற்றமும் கூடியிருந்தது (2005). விபத்து முடிந்த பிறகும் மூளைக்குள் அது தொடர்கிறது!

2015ல் அதே குழு இன்னொன்றைக் கண்டது. அதிர்ச்சி கடுமையாகும்போது, ஆபத்தான ஒலிக்கு மட்டும் பதில் தந்த அமிக்டலா செல்களே ஆபத்தில்லாத ஒலிக்கும் பதில் தரத் தொடங்கின. அங்கே கேண்டல் காட்டிய அதே சைக்ளிக் ஏஎம்பி பாதையைத் தூண்டினாலும் பயம் இப்படிப் பரவியது. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்ற பழமொழிக்கு ஆய்வுக்கூடச் சான்று!

பயம் அழியாத கல்வெட்டும் அல்ல. 2000ல் நியூயார்க்கில் கரிம் நாடர் குழுவினர், பழைய பயத்தை நினைவூட்டிய உடனே எலியின் அமிக்டலாவில் புரத உற்பத்தியைத் தடுத்தனர். அந்தப் பயம் மங்கியது. அதாவது, நினைவுகூரும்போது மூளை அதை மறுபடி எழுதுகிறது. டயர் சத்தத்துக்கு நடுங்குபவருக்குத் தேவை கேலி அல்ல, சிகிச்சை.