யாழ். கல்லூரிகளின் உதைபந்தாட்டமும் பத்திரிகைப் பாரபட்சமும்

“பேப்பர்காரர் தங்கட பள்ளிக்கூடத்தைத்தான் பெரிசாப் போடுவினம்.” யாழ்ப்பாணத்து மைதான ஓரங்களில் பழகிப்போன குறை இது. தோற்றவர்களின் புலம்பல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இதன் வேர் 19ஆம் நூற்றாண்டில் இருக்கிறது.

1841இல் ‘உதயதாரகை’யைத் தொடங்கிய அமெரிக்க மிஷன்தான் வட்டுக்கோட்டை செமினறியையும் நடத்தியது. 1876இல் கத்தோலிக்கர் ‘சத்தியவேத பாதுகாவலன்’ வெளியிட்டனர். பின்னாளில் உதைபந்தாட்டத்தில் பெயர்பெற்ற புனித பத்திரிசியார் கல்லூரியும் அதே திருச்சபையின் பிள்ளை. சைவ பரிபாலன சபை 1889இல் ‘இந்துசாதன’த்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டிலேயே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலையைப் பொறுப்பேற்றது. அச்சகமும் வகுப்பறையும் ஒரே முற்றத்தில் இருந்த காலம் அது. தன் பாடசாலையின் பெருமையைச் சொல்வது பத்திரிகையின் வேலைகளில் ஒன்றாகவே கருதப்பட்டது. யாரும் அதைக் குற்றமாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

குற்றமாகப் பார்ப்பதற்கு எல்லோருக்கும் பொதுவான ஒரு பத்திரிகை வேண்டும். 1959இல் ‘ஈழநாடு’ வந்தபோது அது கிடைத்தது. வட்டுக்கோட்டையாரும் தெல்லிப்பழையாரும் பருத்தித்துறையாரும் காசு கொடுத்து வாங்கும் தாளில், ஒவ்வொருவரும் தம் கல்லூரிக்கு எத்தனை வரி என்று எண்ணத் தொடங்கினால் அதில் வியப்பில்லை. எண்ணிக்கையோடு சொல்லும் முக்கியம். பத்திரிசியாரும் தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியும் ஆடிய ஒரே ஆட்டத்தை “பத்திரிசியார் மகாஜனாவை வீழ்த்தியது” என்றும் எழுதலாம், “மகாஜனா இறுதிவரை போராடித் தோற்றது” என்றும் எழுதலாம். கோல் கணக்கு மாறாது. வாசிப்பவரின் மனம் மாறும்.

ஆயினும் ஆழமான பாரபட்சம் கல்லூரிக்கும் கல்லூரிக்கும் இடையில் இல்லை என்பதே என் முடிவு. அது துடுப்பாட்டத்துக்கும் உதைபந்தாட்டத்துக்கும், நகரத்துக்கும் கரையோரத்துக்கும் இடையில் கிடக்கிறது. மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் ‘வடக்கின் பெருஞ்சமர்’ துடுப்பாட்டத்துக்கு நாள் முன்கூட்டியே தெரியும். சிறப்பு மலர் போடலாம், அணித் தலைவர்களின் படம் போடலாம், பழைய மாணவர் விளம்பரமும் வரும். வலயம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாக ஏறும் உதைபந்தாட்டத்தில் யார் எப்போது எவரைச் சந்திப்பார் என்பது கடைசிவரை தெரியாது. இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரியின் காலிறுதி ஆட்டம் நாலு வரியாகச் சுருங்குவதற்கு நிருபரின் வன்மம் தேவையில்லை, நாட்காட்டியே போதும். குருநகர், நாவாந்துறை, இளவாலை என்று விளையாட்டு வளர்ந்த ஊர்கள் பெரும்பாலும் கடலோடிகளின் ஊர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. மலருக்கு விளம்பரம் கொடுக்கும் வசதி அங்கே குறைவு.

போர்க்காலம் இடத்தை இன்னும் நெருக்கியது. 1990களின் பொருளாதாரத் தடையில் அச்சுத்தாள் வராமல், யாழ்ப்பாண நாளிதழான ‘உதயன்’ கோடு போட்ட கொப்பித் தாளில் வெளிவந்தது. செய்தி எழுத்துகளின் ஊடே கோடுகள் ஓடும். மரணமும் இடப்பெயர்வும் நிறைந்த அந்தச் சிறு தாளில் பாடசாலை ஆட்டத்துக்கு எவ்வளவு இடம் கேட்கலாம்? காங்கேசன்துறை நடேஸ்வரா போன்ற கல்லூரிகளோ தம் மைதானத்தையே இழந்து அகதியாக இயங்கின.

போருக்குப் பின் மகாஜனாவின் பெண்கள் அகில இலங்கைப் பாடசாலை மட்டத்தில் உதைபந்தாட்டப் பட்டம் வென்றார்கள். ஆண்களின் துடுப்பாட்டச் சமருக்குக் கிடைக்கும் பக்கங்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்குக் கிடைத்தது அநியாயமாகக் குறைவு. இதை நான் தயங்காமல் பாரபட்சம் என்பேன்.

ஆனால் பாரபட்சத்தை நிறுவச் சான்று வேண்டும். அமெரிக்காவில் 1936 முதல் விளையாட்டு எழுத்தாளர்கள் வாக்களித்துக் கல்லூரி அணிகளைத் தரவரிசைப்படுத்துகிறார்கள். அங்கே பக்கச்சார்பு என்ற குற்றச்சாட்டைப் பட்டியலைக் கையில் வைத்து வாதிடலாம். இங்கே வாதிடப் பழைய தாள்கள்தான் சான்று. அவையும் தப்பவில்லை. 1981 யூன் 1ஐ ஒட்டிய இரவுகளில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ். பொது நூலகம் எரிந்தது. ‘ஈழநாடு’ பணிமனையும் எரிந்தது.

ஆகவே வாசகரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் கல்லூரி மலரோ, ஆட்டச் செய்தி வெட்டி ஒட்டிய கொப்பியோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். ‘நூலகம்’ என்ற நிறுவனம் அவற்றை மின்வருடிப் பாதுகாக்கிறது, அங்கே கொடுங்கள்.