வெயிலில் உட்கார்ந்தவர்கள்

1843 மே மாதம் 18ந் தேதி எடின்பரோ நகரில், ஜார்ஜ் தெருவிலுள்ள செயின்ட் ஆன்ட்ரூ தேவாலயத்தில் கூடியிருந்த ஸ்காட்லாந்து திருச்சபைப் பேரவையிலிருந்து பாதிரிமார்கள் வரிசையாக எழுந்து வெளியே நடந்தார்கள். ஒரு சபைக்குப் போதகரை நியமிக்கிற உரிமை நிலப்பிரபுவுக்கா, சபையாருக்கா என்பது தகராறு. வீட்டையும் சம்பளத்தையும் விட்டுவிட்டு கானன்மில்ஸ் என்ற இடத்தில் ஒரு மண்டபத்தில் போய்க் கூடினார்கள். ராஜிநாமா பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள் சுமார் 450 பேர். இந்தக் காட்சியில் மனம் பறிகொடுத்தவர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில். நிலக்காட்சி ஓவியர், நாற்பதைத் தாண்டியவர். அத்தனை முகங்களையும் ஒரே சீலையில் தீட்டுவது என்று முடிவு செய்தார். ஊர் ஊராகப் பிரிந்து போய்விடப்போகிற 450 பேரை உட்கார வைத்துப் பென்சிலால் வரைவது எப்படி? விஞ்ஞானி டேவிட் ப்ரூஸ்டர் ஒரு வழி சொன்னார்: ஆடம்ஸனிடம் போங்கள்.

ராபர்ட் ஆடம்ஸனுக்கு அப்போது 21, 22 வயது. எஞ்சினீயர் வேலைக்குப் பயின்று, உடம்பு ஒத்துழைக்காமல் விட்டவர். டாக்டரான அண்ணன் ஜானிடம் கலோடைப் முறையைக் கற்றுக்கொண்டு, கால்ட்டன் குன்றின் மேல் ராக் ஹவுஸ் என்ற வீட்டில் அப்போதுதான் தொழில் தொடங்கியிருந்தார். கலோடைப்பைக் கண்டுபிடித்த டால்பட் 1841ல் இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்திருந்தார். அது ஸ்காட்லாந்தைக் கட்டுப்படுத்தவில்லை. இந்தச் சட்ட ஓட்டை இல்லாவிட்டால் நான் இங்கே எழுதுவதற்கு விஷயமே இருந்திருக்காது.

முறையைச் சொல்லிவிடவேண்டும். நம்மில் கலை பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இந்த இடத்தில் அவசரமாக ஆன்மாவுக்குத் தாவிவிடுகிறார்கள். நல்ல கெட்டியான எழுதுதாள். அதில் வெள்ளி அயோடைடு ஏறும்படி ரசாயனம் பூசிக் காயவைக்கிறார்கள். படம் எடுப்பதற்குச் சற்று முன் வெள்ளி நைட்ரேட்டும் காலிக் அமிலமும் கலந்த கரைசலை மறுபடி தூரிகையால் தடவுகிறார்கள். பெட்டிக்குள் வைத்து வெளிச்சம் காட்டி எடுத்தால் தாளில் ஒன்றும் தெரியாது. அதே கரைசலை மீண்டும் தடவும்போதுதான் உருவம் மெல்ல எழுகிறது, கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும். அதை நிலைப்படுத்தி, உப்புத்தாள் மேல் வைத்து வெயிலில் காட்டினால் நேர்ப்படம். எடுப்பதற்கும் வெயில், அச்சிடுவதற்கும் வெயில். எடின்பரோவில் அது என்ன அபூர்வம் என்று யோசித்துக்கொள்ளலாம். நல்ல வெயிலில் ஒரு நிமிஷத்துக்கு முன்பின். மேகம் மூடினால் பல நிமிஷங்கள்.

ஆகவே எல்லாப் படங்களும் வெளியில் எடுக்கப்பட்டவை. அறைக்குள் இருப்பதுபோல் தெரிகிற படங்களும் அப்படித்தான். நாற்காலி, மேஜை, கனத்த திரைச்சீலை, புத்தகங்கள் எல்லாவற்றையும் வெளியே தூக்கி வந்து, சுவர் ஓரமாக ஒரு பொய் வாசிப்பறையை ஜோடித்தார்கள். குழிக் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி முகத்தின் நிழல் பக்கத்தில் விழச் செய்தார்கள். அந்தப் பாதிரிமார்களின் முகத்தில் விழுகிற வெளிச்சத்தைப் பார்த்து ரெம்ப்ராண்ட் என்று அந்தக் காலத்திலேயே பேசினார்கள். கண்களுக்குக் கீழே கறுத்து இறங்கும் நிழல் மேலேயிருந்து அடிக்கிற சூரியனுடையது. ரெம்ப்ராண்டுக்கு அதில் பங்கில்லை.

ஒரு நிமிஷம் அசையாமல் உட்காருவது சுலபம் என்று நினைப்பவர்கள் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்க்கலாம். இருபதாவது விநாடியில் கழுத்து தன் இருப்பைத் தெரிவிக்கத் தொடங்குகிறது. நாற்பதாவதில் கை யாருடையதோ ஆகிவிடுகிறது. எனவே கையை மேஜை மேலோ புத்தகத்தின் மேலோ வைத்தார்கள், தலையைக் கையில் தாங்கினார்கள், நின்றால் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள். பின்னால் தலைக்கு முட்டுக் கொடுத்தார்கள். குழந்தைகளைத் தூங்குவதுபோல் கிடத்தினார்கள். கன்னத்தில் கைவைத்த சிந்தனையாளன் ஓவியத்தில் பழைய ஆசாமிதான். ஆனால் இந்தப் படங்களில் அவன் இவ்வளவு அடிக்கடி தலைகாட்டுவதற்குக் காரணம் சிந்தனை அல்ல, கழுத்து.

வால்டர் பெஞ்சமின் 1931ல் புகைப்படத்தின் சரித்திரம் பற்றி எழுதிய சிறு கட்டுரை இந்தப் படங்களையும் பேசுகிறது. நம் வட்டத்தில் அதைப் படித்தவர்கள் உண்டு. படிக்காமல் மேற்கோள் காட்டுகிறவர்கள் அதிகம். அவருடைய வாதம் ஏறக்குறைய இது: நீண்ட நேரம் உட்கார நேர்ந்ததால் அந்த மனிதர்கள் கணத்தைத் தாண்டி ஓடவில்லை, அதற்குள்ளேயே குடிபுகுந்தார்கள், உடனடிப் படத்தில் அது இல்லை. கிரேஃப்ரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் எடுத்த படங்களைச் சொல்லி, அந்தத் தனிமையில் அவர்கள் வீட்டில் இருப்பதுபோல் இருக்கிறார்கள் என்கிறார். இதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. நம் புதுக்கவிதைக்காரர்களுக்குக் ‘கணம்’ என்ற சொல்லின் மேல் ஒரு மோகம் உண்டு. கணத்தைப் பிடித்தேன், கணம் உறைந்தது என்று எழுதாதவர் குறைவு. புகைப்படம் என்றால் ஷட்டரின் சொடுக்கு என்று மனதில் பதிந்துவிட்டதன் விளைவு இது. ராக் ஹவுஸ் படங்களில் உறைந்த கணம் எதுவும் இல்லை. நூறு மூச்சுகள், ஒரு டஜன் இமைப்புகள், ஒரு மேகம், அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரு முகமாகின்றன. இமைத்தது தெரிவதில்லை, திறந்திருந்த நேரம் அதிகம் என்பதால். கவிதையிலும் சில காரியங்கள் இப்படித்தான் நடக்கின்றன என்று எனக்குப் படுகிறது. அவை கவனிக்கப்படுவதில்லை.

ஆனால் பெஞ்சமினோடு எனக்கு இரண்டு வழக்குகள் உண்டு. முதலாவது, அவர் ஹில்லை மட்டுமே பேசுகிறார். அதே ஆண்டில் ஹைன்ரிக் ஷ்வார்ட்ஸ் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பிலும் ஹில் ஒருவர்தான் ‘மேதை’. தாளைத் தடவியவரும், வெயிலைப் பார்த்து நேரம் கணித்தவரும் ஆடம்ஸன். ஓவியன் கலைஞன், ரசாயனம் கலக்குகிறவன் எடுபிடி என்ற எண்ணம் இவ்வளவு கூர்மையான விமர்சகனையும் விடவில்லை. சுமார் நாலரை வருஷத்தில் இருவரும் எடுத்தவை ஏறக்குறைய 3000 படங்கள். 1848 ஜனவரியில் ஆடம்ஸன் 26 வயதில் இறந்தார். அதன் பிறகு ஹில் 1860களில் வேறொருவருடன் சேர்ந்து முயன்ற படங்கள் எடுபடவில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இரண்டாவது வழக்கு அந்த அமைதியைப் பற்றியது. அது வாழ்ந்து பெற்ற அமைதி என்று பெஞ்சமின் நம்புகிறார். நான் அதை ஒரு வேலை என்று பார்க்கிறேன். ‘எடின்பரோ பீர்’ என்று ஒரு படம். மூன்று ஆண்கள், உயரமான கண்ணாடிக் குவளைகள், ஒருவர் ஹில். அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், அல்லது சிரிப்பை அத்தனை நேரம் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் சிரிப்பு முடிந்து போன பிறகும் முகம் அதைக் காவல் காப்பது தெரியும். நியூஹேவன் மீனவர் வில்லி லிஸ்டன் தூண்டில் கயிற்றைச் சுத்தம் செய்கிற படத்தில் கயிறும் கையும் துல்லியம். கயிறு சுத்தமாகவே இல்லை என்பதற்கு அந்தத் துல்லியமே அத்தாட்சி. வேலை செய்கிறவன் வேலை செய்யாமல் வேலை செய்வதுபோல் இருக்கிற வேலை. எல்லாவற்றிலும் வினோதமானது 1845ல் எடுத்த பாட்ரிக் பர்னின் படங்கள். அயர்லாந்துக்காரர், யாழ் வாசிப்பவர், பார்வையற்றவர். போர்வையைச் சுற்றிப் பண்டைக்காலப் பாணனாக வேஷம் கட்டி உட்கார வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் பெட்டிக்காக அசையாமல் இருந்தார்கள். இவர் பெட்டியை அறியமாட்டார். சொல்லப்பட்ட ஒரு சொல்லுக்காகத்தான் இருந்தார்.

நியூஹேவன், எடின்பரோவுக்கு வடக்கே கடலோரம் உள்ள மீனவர் குப்பம். பெண்கள் மீன்கூடையை முதுகில் கட்டிக்கொண்டு நகரத்துக்கு நடந்து போய் விற்றார்கள். கோடுபோட்ட பாவாடைகள் அவர்கள் அடையாளம். கலோடைப் தாளின் சொரசொரப்பில் நுணுக்கம் போய்விடும், கோடுகள் நிற்கும். அந்தச் சொரசொரப்புத்தான் படத்தின் உயிர், மனிதன் செய்த குறையுள்ள காரியம்போல் அது தெரிகிறது என்று ஹில்லே ஒரு கடிதத்தில் சொன்னார். கூடை சுமக்கிற முதுகுக்கு ஒரு நிமிஷம் சுமை இல்லாமல் சாய்ந்து நிற்பது என்னவாக இருந்திருக்கும் என்று இந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். பாதிரிமார்களின் முகத்தில் இருக்கிற வரலாற்றுப் பிரக்ஞை இவர்களிடம் இல்லை. தலையைத் தாழ்த்தி நிற்கிற ஒரு பெண்ணைப் பற்றித்தான் பெஞ்சமின் எழுதினார்: கலைக்குள் அடங்க மறுக்கிற ஏதோ ஒன்று அவளிடம் மிச்சமிருந்து, அவள் பெயரைக் கேட்கிறது என்று. பெயர் இருக்கிறது. எலிசபெத் ஜான்ஸ்டன் ஹால்.

பெயருள்ள இன்னொரு எலிசபெத், எலிசபெத் ரிக்பி. ராக் ஹவுஸில் ஏறக்குறைய இருபது முறை உட்கார்ந்தவர். பின்னால் லேடி ஈஸ்ட்லேக் ஆன அவர் 1857ல் புகைப்படம் பற்றி ‘க்வார்ட்டர்லி ரிவ்யூ’வில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். புகைப்படம் கலை அல்ல, தகவலுக்கான சாதனம் என்பது அவர் தீர்ப்பு. அந்த வெயிலில் அத்தனை முறை அசையாமல் இருந்தவருக்கு அப்படிச் சொல்ல உரிமை உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன், தீர்ப்பை ஒப்புக்கொள்ளாவிட்டாலும்.

ஹில்லின் ஓவியம் 1866ல் முடிந்தது. 23 வருஷம். பன்னிரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவான நீளம், 457 தலைகள். அவற்றினிடையே ஆடம்ஸனும் அவர் பெட்டியும். ஒவ்வொரு தலையும் தனித்தனி வெயிலில் உட்கார்ந்த தலை என்பதால் ஒன்றோடொன்று பேசவில்லை. காய்கறிக் கடை அடுக்குப்போல் இருக்கிறது. குறிப்புகள் என்று எடுத்தவை நின்றன, காவியம் விழுந்தது.

இதே விஷயம் நம் பக்கத்தில் ஒருமுறை நடந்தது. 1875ல் ஜூலியா மார்கரெட் காமிரன் கணவனோடு இலங்கைக்கு வந்து களுத்துறையில் குடியேறினார். கணவர் சார்ல்ஸ் ஹே காமிரன் 1830களில் இலங்கையின் நிர்வாகத்தைத் திருத்திய கமிஷனில் ஒருவர். காப்பித் தோட்டங்களின் சொந்தக்காரர். அந்தத் தோட்டங்களில் வேலைக்குக் கடல் கடந்து போனவர்கள் தமிழ் ஜில்லாக்களின் ஏழைகள். இதற்குள் காகிதம் போய்க் கண்ணாடித் தகடு வந்துவிட்டது. வேகமாக எடுக்க முடியும். ஆனால் காமிரன் பெரிய தகடுகளை வைத்துக்கொண்டு பல நிமிஷங்கள் உட்கார வைப்பவர். இங்கிலாந்தில் டென்னிசனையும் டார்வினையும் அப்படித்தான் எடுத்தார். இலங்கையில் எடுத்தவற்றில் மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. பெரும்பாலும் வீட்டு வேலைக்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும். தலைப்புகளில் இனமும் ஊரும் உண்டு, பெயர் இல்லை.

தாவரங்களை வரைகிற மரியான் நார்த் 1877ல் அங்கே போனபோது அவரையும் காமிரன் விடவில்லை. தென்னோலை தலையில் குத்த, நடுப்பகல் வெயில் ஓலை இடுக்குகளில் கண்ணைக் கூச, இயல்பாக இருக்கும்படி உத்தரவு. வெப்பம் 96 டிகிரி என்று நார்த் தன் நினைவுகளில் வேடிக்கையாகக் குறித்திருக்கிறார். அதே பக்கங்களில் இன்னொரு விஷயம் வருகிறது. உள்ளூர் ஆள் ஒருவரின் முதுகு அபாரமாக இருக்கிறது என்று காமிரனுக்குப் பிடித்துப்போய், அவரைத் தோட்டக்காரராக வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம். வீட்டுக்குத் தோட்டம் கிடையாது. அந்தச் சொல்லுக்கு அர்த்தம்கூட அவருக்குத் தெரியாது என்கிறார் நார்த். காமிரன் 1879ல் இலங்கையிலேயே இறந்தார். நார்த்தின் புத்தகம் 1892ல் வந்தது. முதுகுக்காரருக்கு அதில் ஒரே வாக்கியம்.