குடத்தில் விழாத பெயர்கள்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளைப் பார்க்க எல்லாரும் வருகிறார்கள். கி.பி. 919, 921 என்று வழிகாட்டிகள் தேதி சொல்வார்கள். என் கண், குடத்தில் ஓலை போட்டு ஊர்ச்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவர்களின் தகுதிப் பட்டியலில் நின்றது: கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, வேதக் கல்வி. சேற்றில் இறங்கி நட்டவன் பெயருக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. அப்படியானால் அவன் பெயர் நிலத்தோடு சேர்ந்து அரசாங்கக் காகிதத்தில் ஏறியது எப்போது?

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்தத் தடம் 1891இல் கொண்டுபோய் நிறுத்தியது. அன்றைய செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் ட்ரெமென்ஹீர், பறையர் நிலை குறித்து அரசுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். சில ரூபாய்க் கடனுக்குக் காலமெல்லாம் படியாளாகக் கிடப்பவர்கள் அதில் வருகிறார்கள். குடிசை நிற்கும் மனையும் மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் கூரை போய்விடும். தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டாலும் முதல் உரிமை மிராசுதாருக்குத்தான். அடுத்த ஆண்டு, 1892 செப்டம்பர் 30 அன்று, ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்கும் வருவாய்த் துறை அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வதன் வேர் அதுதான். அப்படி ஒதுக்கிய நிலத்தை முதல் 10 ஆண்டு விற்கக் கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே கைமாற வேண்டும்.

இதே ஆண்டுகளில் இந்த மக்களுக்கு நிலம் வேண்டும் என்று அழுத்திச் சொன்னவர்களில் இரண்டு பாதிரியார்கள் முக்கியமானவர்கள்: செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூரில் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி. ஆண்ட்ரூ வெறும் மனு எழுதுவதோடு நிற்கவில்லை. செங்கல்பட்டுக்கு அருகே மெல்ரோசாபுரம் என்ற உழவர் குடியிருப்பையே உருவாக்கினார்.

பாதிரியாருக்கு நிலத்தில் என்ன வேலை? பைபிளில் பிலேமோனுக்குப் பவுல் எழுதிய நிருபத்தில் இதற்கு விடை இருப்பதாக நம்புகிறேன். ஒநேசிமு என்ற அடிமையைச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி அவன் எஜமானான பிலேமோனிடம் பவுல் கேட்கிறார். அவன் பட்ட கடன் ஏதும் இருந்தால் அதைத் தானே தீர்ப்பதாகவும் எழுதிக் கொடுக்கிறார். பிறப்பை வைத்து மனிதனை இழிவு செய்யும் உலகத்துக்குக் கிருபை தரும் பதில் இதுதான்: கடனை ஏற்றுக்கொள்வது. பொறுத்துக்கொள் என்று உபதேசம் செய்வது கிருபை ஆகாது.

திருச்சபை இதை எளிதில் கற்கவில்லை. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாதென்று ஆணையிட்டபோது தஞ்சை, வேப்பேரி சபைகள் கொந்தளித்தன. தனிக் கல்லறைகள் இன்றும் சில ஊர்களில் உண்டு. சபைக்கு வெளியேயும் இதே தயக்கம்தான்: 2001இல் டர்பன் நகரில் ஐ.நா. நடத்திய இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியையும் சேர்க்கச் சொன்னார்கள் தலித் அமைப்புகள். இந்திய அரசு மறுத்தது. நிறமானாலும் சாதியானாலும் காயம் பிறப்பின் மேல்தான் விழுகிறது.

உத்திரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், சபை மூப்பர் ஒருவர் மஞ்சள் பையிலிருந்து மடிப்பில் கிழிந்த ஒரு பட்டாவை எடுத்துக் காட்டினார். தாத்தா பெயர் இருந்தது. விற்பனை நிபந்தனையைச் சொல்லும் வரியும் இருந்தது. இப்போதைய ‘அ’ பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு நேரே வேறு பெயர்.

“மன்னிப்புக் கேட்டு வந்தா மன்னிச்சிருவோம்மா, எங்க ஆண்டவரு அதத்தான் சொல்லிக்குடுத்தாரு. ஆனா பத்திரம் எங்க பேருக்கு வரணும்ல?” என்றார்.

அவர் கேட்டது வெறும் நியாயமல்ல, சட்டம். நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது. ஆனால் அதைக் கேட்கப் போய் உயிர் கொடுத்தவர்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே உண்டு. காரணை என்ற ஊரின் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் இறந்தார்கள்.

திருச்சபைகளிடம் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், கல்லூரிகள் இருக்கின்றன, அந்தக் காலத்து மிஷன் கடிதங்களும் அறிக்கைகளும் இருக்கின்றன. அவற்றைத் திறந்து, எந்த ஊரில் யாருக்கு நிலம் கேட்டு எழுதினார்கள் என்று தொகுத்துத் தந்தால், மூப்பரைப் போன்றவர்கள் அதைத் தங்கள் பட்டாவோடு சேர்த்துக் கோட்டாட்சியரிடம் மனுவாகக் கொடுக்கலாம்.